கிளீனர் சைடு பின் டயர்

"அந்த கிளீனர் சைடு பின் டயரைக் கழட்டிட்டு எனக்கு வேற டயர் போட்டுக் குடுங்க சார்."

கேட்டேவிட்டாள். செந்துறைக்குப் பக்கத்திலிருந்த அந்தச் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே பரிமளாவிடம் சொல்லியிருந்தார்கள்: ஹெல்மெட் கேள், மழைக்கோட்டு கேள், லீவுகூடக் கேள், பிக்கப் வண்டியின் இடது பின் டயரைக் கழட்டச் சொல்லி மட்டும் கேட்காதே. ஏன் என்று அவள் கேட்டதற்கு, டயர் ஷெட்டைப் பார்த்துக்கொள்ளும் அரியமுத்து, "அது அப்படித்தாம்மா" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மேனேஜர் ராஜராஜன் கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. தட்டிக்கொண்டிருந்த விரல்கள் மட்டும் நின்றன.

"நீங்க ஜியாலஜிஸ்ட்ம்மா. கல்லைப் பாருங்க. டயரை எதுக்குப் பாக்குறீங்க?"

"வண்டி ஓட்டுறது நான்தானே சார்? டிரைவர் போனப்புறம் இன்னொரு ஆளை நீங்க போடலையே."

"காத்து எறங்குதா?"

"எறங்கவே மாட்டேங்குது. அதான் கேக்குறேன்."

அதுதான் முதலில் உறுத்தியது. தினமும் காலையில், எஞ்சினைத் தொடுவதற்கு முன்னால், டயர் குளிர்ந்திருக்கும்போதே மீட்டரை வைத்துக் காற்றுப் பார்ப்பாள். குரும்பலூரில் கரும்பு வெட்டும் வீரமுத்துவின் மகளுக்கு யாரும் கார் வாங்கித் தந்து ஓட்டப் பழக்கவில்லை; வண்டியின் கையேட்டை வரி விடாமல் படித்துத்தான் கற்றுக்கொண்டாள். மூன்று டயர்கள் வாரத்துக்கு ஒன்றிரண்டு பாயிண்ட் இறங்கும். எந்த டயரும் இறங்கும். இந்த இடது பின் டயர் மட்டும் நான்கு மாதமாக முப்பத்தைந்திலேயே நின்றது. நின்றது என்றும் சொல்ல முடியாது. முள் கொஞ்சம் ஏறும், கொஞ்சம் இறங்கும், மறுபடி ஏறும். மீட்டர்தான் கெட்டுவிட்டது என்று பெரம்பலூர் போய்ப் புதிதாக ஒன்று வாங்கி வந்தாள். அதிலும் அப்படியே.

ஆயுத பூஜையன்று வண்டிக்கு எலுமிச்சம்பழம் வைத்தார்கள். மூன்று சக்கரத்துக்குத்தான். நாலாவது எங்கே என்று கேட்டால், பழம் பத்தவில்லை என்றார் அரியமுத்து. அவர் கையிலிருந்த பையில் பழம் முட்டிக்கொண்டிருந்தது.

அப்புறம் அந்தப் பற்கள். டயரின் பள்ளத்தில் சிக்கும் கல்லை அன்றன்றே நெம்பி எடுத்துவிட வேண்டும். விட்டால் உள்ளே துளைத்துக்கொண்டு போகும். சாயங்காலம் ஸ்க்ரூடிரைவரோடு உட்கார்ந்து நான்கு டயரையும் துப்புரவாக்கிவிட்டுத்தான் சிமெண்டுத் தரையில் வண்டியை விடுவாள். சில நாள் காலையில் பார்த்தால் இடது பின் டயரில் மட்டும், அதே பள்ளத்தில், சுண்ணாம்பு அப்பிய ஒரு துண்டு இருக்கும். இந்தப் பக்கமெல்லாம் ஒரு காலத்தில் கடல். சுறாப்பல் கிடைக்காத ஓடை கிடையாது. முதல் துண்டை எடுத்த அன்று அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கழுவினால் உடைந்துவிடும் என்று அப்படியே காகித உறையில் போட்டுத் தேதி எழுதி வைத்தாள். இப்போது பதினொரு உறைகள். நகராமல் நின்ற வண்டியின் டயருக்குள் ராத்திரியில் சுறாப்பல் எப்படி வந்தது? அந்தக் கேள்வியை அவள் தன்னையே கேட்கவில்லை. படித்தவள் கேட்கிற கேள்வியா அது என்று ஒரு வீம்பு.

ராஜராஜன் நாற்காலியைத் திருப்பினார்.

"திங்கக்கிழமை உங்க கன்ஃபர்மேஷன் ஆர்டர்ல கையெழுத்துப் போடப் போறேன். உங்க வூட்லயே மொத டிகிரி நீங்கதானாமே? அடக்கமா இருந்தா மேல வரலாம். அடித்தட்டுல தண்ணி ஏறுறதுக்குள்ள போயி சாம்பிள் எடுத்துட்டு வாங்க. அதே வண்டியில."

அடக்கம். அந்தச் சொல்லைக் கேட்டாலே அவளுக்குக் காது சூடாகும். அவள் அம்மாவும் அப்பாவும் ஆயுசு முழுக்க அடக்கமாகத்தான் இருந்தார்கள். எந்த மேலேயும் வரவில்லை.

சாவியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். கார்த்திகை மழை. மணி மூன்றுகூட ஆகவில்லை, அதற்குள் சாயங்காலம் போல மூடிக்கொண்டு கிடந்தது. கேட்டுக்கு வெளியே, பாலித்தீன் பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஜெயசுதா நின்றாள். சனிக்கிழமை ஆனால் வந்துவிடுவாள். அவள் அம்மா ரெங்கம்மாள், பூலாம்பாடியிலிருந்து வந்து இங்கேயே கொட்டகையில் தங்கிக் கல் பொறுக்கியவள், சித்திரையில் காணாமல் போனாள். அதே வாரம் பிக்கப் டிரைவரும் வேலையை விட்டுப் போனான். இரண்டு பேரும் சேர்ந்து ஓடிவிட்டார்கள் என்று ஆபீஸ் சொல்லிவிட்டது.

"எங்கம்மா ஓடுற ஆளு இல்லக்கா," என்று போன வாரம்கூட வண்டியை மறித்துச் சொன்னாள் ஜெயசுதா. "எப்பப் பாத்தாலும் வாயில வெத்தலை மென்னுக்கிட்டே இருக்கும். கடைவாயில ஒரு பல்லுக்கு வெள்ளி கட்டியிருக்கும். எங்கயாச்சும் பாத்தா சொல்லுங்கக்கா." சரி என்று சொல்லிவிட்டு, எட்டு மணிக்கு லேட்டாகிறதே என்று பரிமளா ஆக்சிலேட்டரை மிதித்திருந்தாள்.

வண்டி சரிவில் இறங்கியது. நாலு சக்கரமும் இழுக்கும் ஃபோர்-ஹையில் போட்டு, பிரேக்கைத் தொடாமல், இரண்டாவது கியரில் எஞ்சின் பிடியிலேயே இறக்கினாள். இரண்டு பக்கமும் வெட்டிய பாறைச் சுவர்கள் மழையில் நனைந்து வெளிறி, இறங்க இறங்க உயர்ந்து, வானத்தை ஒரு சிமெண்டு மூடி அளவுக்குக் குறுக்கிவிட்டன. சுவர்களிலிருந்து தண்ணீர் நூல் நூலாக வடிகிற சத்தம், வைப்பர் இழுபடுகிற சத்தம், இதற்கெல்லாம் அடியில், இடது பக்கம் பின்னாலிருந்து, நறநறவென்று ஒரு சத்தம். சரளையை டயர் அரைக்கிற சத்தம். நான்கு மாதமாகக் கேட்டுக் கேட்டுப் பழகிய சத்தம்தான்.

அடித்தட்டில் சுண்ணாம்புச் சேறு கணுக்கால் ஆழத்துக்கு ஊறியிருந்தது. சாம்பிளை மூட்டை கட்டிப் பின்னால் போட்டுவிட்டுக் கிளம்பினால் வண்டி நகரவில்லை. நிறுத்தினாள். நியூட்ரல். குமிழைத் திருப்பி, இழுவை கூடிய ஃபோர்-லோ. பச்சை விளக்கு இமைத்து நின்றதும் மெதுவாகக் கிளட்ச்சை விட்டாள். கண்ணாடியில் பார்த்தாள். மூன்று சக்கரங்கள் சேற்றை வாரி இறைத்தன. இடது பின் சக்கரம் சும்மா நின்றது. யாரோ குந்தி உட்கார்ந்திருக்கிற மாதிரி.

சேற்றில் மாட்டினால் காற்றை இறக்க வேண்டும். டயர் பரந்து பிடிக்கும். இறங்கினாள். முதல் டயரின் வால்வை அழுத்தினாள். புஸ்ஸென்று ரப்பர் நாற்றம் அடிக்கும் குளிர்ந்த காற்று. இருபது வந்ததும் நிறுத்தினாள். இரண்டாவது. மூன்றாவது.

நாலாவதின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தபோது மழை கொஞ்சம் விட்டிருந்தது. மூடியைத் திருகிக் கழற்றி, ஸ்க்ரூடிரைவர் முனையால் ஊசியை அழுத்தினாள்.

வந்த காற்று சூடாக இருந்தது.

புறங்கையில் பட்டது. ஈரமாகவும் இருந்தது. ரப்பர் நாற்றம் இல்லை. வெற்றிலை. புகையிலை. சுண்ணாம்பு. பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற ஒரு பொம்பளையின் வாய் வாசம்.

கையை எடுக்கத் தோன்றவில்லை. காற்று வந்துகொண்டே இருந்தது. நீளமாக. பிறகு நின்றது.

பிறகு உள்ளே இழுத்தது.

வால்வின் வாயில் நின்ற மழைத்துளி சுர்ரென்று உள்ளே போனது. ஒரு இடைவெளி. மறுபடி வெளியே. சூடாக.

மீட்டரை வைத்துப் பார்த்தாள். முப்பத்தைந்து. ஏறியது. இறங்கியது. ஏறியது.

பள்ளத்தைப் பார்த்தாள். அதே பள்ளம். காலையில்தான் துப்புரவாக்கியது. மழை கழுவிவிட்ட வெள்ளைத் துண்டு ஒன்று. நெம்பினாள். உள்ளங்கையில் விழுந்தது. காவி படிந்த கடைவாய்ப்பல். மேலே வெள்ளி.

சுறா வெள்ளி கட்டாது.

பதினொரு உறைகளும் கேபினுக்குள் டேஷ்போர்டில் இருந்தன. ஒன்றைப் பிரித்தாள். பக்கத்தில் தேங்கி நின்ற தண்ணீரில் கழுவினாள். இன்னொன்று. இன்னொன்று. கழுவியிருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். எம்.எஸ்சி. படித்த கை, மனுஷப் பல்லுக்குத் தேதி போட்டு நம்பர் எழுதியிருக்கிறது.

அதன் பிறகு வண்டி எதுவுமே நடக்காத மாதிரி ஏறியது. சரிவு முடிந்து ஷெட்டுக்குப் போகும் சிமெண்டு ரோடு வந்தது. சரளை இல்லை. கல் இல்லை. வழவழவென்ற ரோடு.

நறநறவென்ற சத்தம் நிற்கவில்லை. நிதானமாக. அவசரமில்லாமல். ஒரு கடைவாயிலிருந்து மறு கடைவாய்க்கு.

மென்றுகொண்டே வந்தது.

ஷெட்டில் அரியமுத்து டீ குடித்துக்கொண்டிருந்தார். அவள் உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். கிளாஸ் அவர் கையிலிருந்து நழுவிக் காலில் சிந்தியது. அவர் காலை எடுக்கவில்லை.

"சொல்லுங்கண்ணே."

"எம்பொண்ணு காலேஜ் படிக்குதும்மா..."

"நானும் படிச்சவதான். சொல்லுங்க."

"சித்திரை வெயிலு. ரெங்கம்மா வண்டி நெழல்ல தலையைச் சாச்சுப் படுத்திருந்தா. மேனேஜர் அவசரமா வந்து ரிவர்ஸ் எடுத்துட்டாரு. டிரைவர் பய பாத்துட்டு அன்னைக்கே ஓடிட்டான்." வாயைத் துண்டால் பொத்திக்கொண்டார். "மேக்கால மண்மேட்டுல இருக்கா."

"டயரை ஏன் கழட்டல?"

"கழட்டலைன்னு யாரு சொன்னா?" அவர் குரல் இறங்கியது. "ரெண்டு தடவை கழட்டுனேம்மா. ஸ்டெப்னியை மாட்டிட்டு, அதைத் தண்ணிக் குழியில உருட்டி விட்டோம். விடிஞ்சு வந்து பாத்தா வண்டியில மாட்டியிருக்கு. ஆறு நட்டும் இறுக்கியிருக்கு. ஈரம்கூடக் காயல."

ஷெட்டில் எஞ்சின் அணைந்திருந்தது. ஆனால் வண்டியின் இடது பின்பக்கம் மட்டும் மெல்ல உயர்ந்தது. தாழ்ந்தது.

பரிமளா ஆபீசுக்குள் போனாள். சாவியையும் அடையாள அட்டையையும் மேசைமேல் வைத்தாள்.

"சாம்பிள் எங்க?" என்றார் ராஜராஜன்.

"பன்னெண்டும் எங்கிட்டதான் சார் இருக்கு."

"எங்க போறீங்க?"

"ஸ்டேஷனுக்கு."

"ஒரு டிகிரியை வச்சிக்கிட்டு இந்த ஊர்ல என்னத்தக் கிழிச்சிடுவ நீ?"

திங்கட்கிழமை கையெழுத்து ஆகவேண்டிய தாள் அவர் முழங்கைக்கடியில் கிடந்தது. அவள் பெயர் தெரிந்தது. அப்பா அந்தத் தாளுக்காகத்தான் குரும்பலூரில் போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். பார்த்தாள். திரும்பினாள். கதவைச் சாத்தவில்லை.

கேட்டுக்குப் போகும் பாதை முழுக்கச் சுண்ணாம்புச் சேறு, பால் காய்ந்த மாதிரி வெளுத்துக் கிடந்தது. உறைகள் இருந்த பையை மார்போடு அணைத்துக்கொண்டு நடந்தாள். பின்னால் சத்தம் இருந்தது. எஞ்சின் சத்தமில்லை. திரும்பிப் பார்க்கக் கூடாது என்று நடந்தாள். வேகமாக நடந்தால் வேகமாக வந்தது. நின்றால் நின்றது.

கேட்டைத் தாண்டினாள்.

"ஜெயசுதா. வா. போலீஸ் ஸ்டேஷனுக்குப் போவம். எல்லாத்தையும் போற வழியில சொல்றேன்."

ஜெயசுதா நகரவில்லை. பரிமளாவின் தோளுக்கு மேலாக, பாதையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா. வெத்தலை வாசம் அடிக்குது."

பரிமளா திரும்பினாள்.

ஷெட்டில் பிக்கப் இடது பின் டயர் இல்லாமல் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. பாதையில் யாருமில்லை. எதுவுமில்லை. சேற்றில் அவளுடைய காலடிகள். அவற்றை ஒட்டியே, ஷெட்டிலிருந்து கேட்டு வரை, ஒற்றை டயர்த் தடம். ஒரு சுற்றுக்கு ஒரு இடத்தில், சீரான இடைவெளியில், சிவப்பாக ஒரு துப்பல்.

தடம் அவள் காலுக்குப் பின்னால் முடிந்திருந்தது.

மழை விட்டுவிட்டது. நறுக்கென்று ஒரு சத்தம். வெள்ளைச் சேறு அமுங்கியது. ஒரு விரல் நீளத்துக்குப் புதிதாகப் பள்ளம் விழுந்தது. இன்னொரு விரல். பரிமளாவைத் தாண்டி, ஜெயசுதாவின் வெறுங்கால்களை நோக்கி.