கம்பிக்கு மாற்று ஆள்

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒத்திகை அறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். பாடுகிற தொண்டை. டிரம்ஸ் அடிக்கிற இடி. பேஸ் வாசிக்கிற தூண். அன்றோடு விலகுகிற கிதார்காரன் கம்பி. கம்பிக்குப் பதிலாக வந்த புதியவன். அவனுக்கு இன்னும் பட்டப்பெயர் வைக்கவில்லை.

பன்னிரண்டு வருடத்து மெட்டல் இசைக்குழு. ஆரம்பித்த நால்வரில் மிஞ்சியது கம்பி ஒருவன்தான். ஆள் போனால் ஆள் வந்தான். வந்தவன் போனவனின் பட்டப்பெயரையே மாட்டிக்கொண்டான். கம்பியின் மனைவிக்கு இது ஏழாவது மாதம். ஒரு கிடங்கில் பகல் வேலை கிடைத்திருக்கிறது. புதியவனுக்குப் பாட்டுகளைச் சொல்லிக்கொடுத்துவிட்டு ஆறு மணிக்குள் வீட்டுக்குப் போக வேண்டும், அவளை ஸ்கேனுக்குக் கூட்டிப்போக வேண்டும்.

"கடைசியில நீயும் கம்பி நீட்டிட்ட," என்றான் தொண்டை.

"இதை என் பொண்டாட்டிகிட்ட வந்து சொல்லு. முழுசா திரும்பிப் போறியான்னு பார்ப்போம்."

மூன்றாவது பாட்டில் கம்பிக்கு மட்டுமே தெரிந்த ஒரு தப்பு உண்டு. தனி வாசிப்பின் ஏழாவது சுற்றில் அவன் சுண்டுவிரல் ஒரு மயிரிழை தாமதமாக விழும். பதிவில் அதைத் திருத்தியாயிற்று; மேடை இரைச்சலில் யாருக்கும் கேட்காது. புதியவன் பதிவைக் கேட்டுத்தான் பழகியிருந்தான். ஏழாவது சுற்றில் அவன் சுண்டுவிரலும் ஒரு மயிரிழை தாமதமாக விழுந்தது.

"இதை எங்க கத்துக்கிட்ட?"

"நீங்கதானே சொல்லிக்கொடுத்தீங்கண்ணே."

அவன் சொல்லிக்கொடுக்கவில்லை.

சன்னல் இல்லாத அந்த அறையில், சுவர் முழுக்க ஒட்டிய கறுப்புப் பஞ்சு எல்லாச் சத்தத்தையும் விழுங்க, சூடேறிய ஆம்ப்ளிஃபயரின் கருகல் வாடையும் பல வருட வியர்வையின் புளிப்பும் மூக்கில் ஏற, கம்பி கிதாரை வாங்கித் தானே வாசித்துக் காட்டினான். ஏழாவது சுற்று சுத்தமாக வந்தது. மறுபடி வாசித்தான். தப்பை வேண்டுமென்றே வரவழைக்கப் பார்த்தான். வரவில்லை. தந்திகள் விரலைக் கடித்தன. கையைத் திருப்பிப் பார்த்தான். பன்னிரண்டு வருடக் காய்ப்பு காணோம். விரல் நுனிகள் பிறந்த குழந்தையுடையதைப் போல மெத்தென்று இருந்தன.

கிதாரைத் திரும்ப வாங்கிய புதியவனின் விரல்கள் கம்பியின் கையில் பட்டன. காய்த்துப்போய் மரக்கட்டை போல இருந்தன.

"கம்பி, இன்னொரு தடவை போலாமா?" என்றான் இடி.

இருவரும் நிமிர்ந்தார்கள். இடி பார்த்தது புதியவனை.

கம்பி பின்னால் நகர்ந்தான். ஸ்பீக்கர் பெட்டிமேல் உட்கார்ந்தான். ஒருத்தரும் என்னவென்று கேட்கவில்லை. பழைய இடி விலகியபோதும் இப்படி ஒரு ஞாயிறுதான். தூண் விலகியபோதும். தொண்டை விலகியபோதும். சொல்லிக்கொடுத்து முடித்ததும் எல்லோரும் சிரித்துக்கொண்டே வெளியே போவார்கள். சாவி கம்பியிடம் இருக்கும். மூன்று முறையும் பூட்டியவன் அவன்தான். "விலகினதும் நம்மள மறந்துட்டானுங்க, திமிரு," என்று பிறகு திட்டியதும் அவன்தான். வெளியே வந்தவர்களை அவன் ஒருநாளும் எண்ணியதில்லை.

ஆம்ப்ளிஃபயர்களை அணைத்தார்கள். ரீங்காரம் அடங்கியது.

கம்பி எழப் பார்த்தான். கால் வரவில்லை. கூப்பிட வாயைத் திறந்தான். காற்று வந்தது. குரல் இல்லை.

அவன் போன் அடித்தது. மனைவி. புதியவன் அதை எடுத்துக் காதில் வைத்தான்.

"கிளம்பிட்டேம்மா. நீ ரெடியாகி இரு, நேரா ஸ்கேனுக்குப் போயிடலாம்."

கம்பியின் குரல். 'ம்மா'வில் இழுக்கிற இழுப்பு வரை.

புதியவன் கம்பியின் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டான். பையைத் தட்டிப் பார்த்தான். வண்டிச் சாவி. அறைச் சாவி.

முதுகுக்குப் பின்னால் பஞ்சு உரசியது.

கம்பி திரும்பினான். டிரம்ஸுக்கும் சுவருக்கும் இடையிலான சந்தில் மூன்று பேர். முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பழைய இடி. பழைய தூண். பழைய தொண்டை. மூன்று வாயும் அகலத் திறந்திருந்தன. சத்தமில்லை.

பழைய தூண் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டான்.

விளக்கு அணைந்தது. நால்வர் வெளியே போனார்கள். கடைசியாகப் போன கம்பிக்குப் பின்னால் கதவு சாத்திக்கொண்டது. சாவி இரண்டு முறை திரும்பியது.