வெயில் இறங்கும்வரை

முகம் குப்புறக் கிடந்த பனல் மின்சாரம் காட்டியது.

தேவராஜா முதலில் கையிலிருந்த மின் மீற்றரைத்தான் சந்தேகப்பட்டான். கண்ணாடிப் பக்கம் நிலத்தோடு ஒட்டியிருக்க, வெள்ளை முதுகு வானத்தைப் பார்க்க, காய்ந்த புல்லின்மேல் கிடந்த சோலார் பனல் அது. போர்வைக்குள் சுற்றி வைத்த மாதிரித்தான், வெயில் படவே படாது. அதன் வயர் முனைகளில் மீற்றரைத் தொட்டால் பூச்சியத்துக்குப் பக்கத்தில் ஏதாவது காட்டவேண்டும். அதுவோ, உச்சி வெயிலில் நிமிர்த்தி வைத்தால் என்ன காட்டுமோ அதைக் காட்டியது. பனலின் ஒரு ஓரத்தைத் தூக்கிக் கீழே குனிந்து பார்த்தான். வெடித்த கறுப்பு மண். நசுங்கிய புல். வேறொன்றும் இல்லை.

மீற்றர் பழசு என்று சொல்லிக்கொண்டு அடுத்த நாள் வேலையிலிருந்து வரும்போது புதிதொன்று வாங்கி வந்தான். நிமிர்த்தி வைத்த பனல்களில் அது சரியாகவே காட்டியது. குப்புற வைத்து இன்னொரு முறை பார்க்கலாம்தான். ஏனோ மனம் வரவில்லை.

பொயிண்ட் குக் புறநகரில் வருஷக்கணக்காக வாடகை வீட்டில் இருந்துவிட்டு, மெல்பேர்ணின் மேற்கு ஓரத்தில், வீடுகள் முடிந்து வெறும் புல்வெளி தொடங்கும் இடத்தில் அவனும் மனைவி சத்தியபாமாவும் ஒரு பழைய வீட்டை வாங்கியிருந்தார்கள். கூரை ஓட்டை. நிலம் மட்டும் தாராளம். அவன் தொழிற்சாலையொன்றில் எலக்ரீஷியன். பனலைக் கூரையில் ஏற்றுவதைவிட நிலத்திலேயே தூண் நட்டு வரிசையாகப் பூட்டுவது நல்லது என்று முடிவெடுத்து, 2012 கடைசியிலிருந்து சனி ஞாயிறு முழுக்கக் கொல்லையிலேயே கிடந்தான். குழி வெட்டினான். இரும்புக் குழாய்களை நிறுத்தி கொங்கிறீற் ஊற்றினான். வெறும் நிலத்திலிருந்து தன் கையால் ஒரு வரிசை எழும்புவதைப் பார்க்கையில் அவனுக்கு வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை.

மேற்கு மூலைக் குழி மட்டும் அடங்கவில்லை. விளிம்புவரை ஊற்றிவிட்டுப் போனால் விடியும்போது குழாய் மட்டும் நிற்கும், கொங்கிறீற் இருக்காது. களிமண் வெடிப்புக்குள் இறங்கியிருக்கும் என்று திரும்ப ஊற்றினான். அதுவும் இறங்கியது. கடைசியில் கல்லைப் போட்டு இடித்து இறுக்கி, மேலே ஊற்றியது ஒருவழியாய் நின்றது. அல்லது நின்றது என்று நினைத்தான்.

அந்த நாட்டுக் கோடையான தை மாதத்து ஞாயிறொன்று. முதியோர் இல்லத்தில் மத்தியானத்திலிருந்து இரவுவரையான வேலைக்குப் புறப்பட்ட பாமா, கார்ச் சாவியோடு கொல்லைப் படியில் வந்து நின்றாள்.

"இஞ்சேருங்கோ, அந்த மூலைப் பக்கத்தை விட்டிட்டு மற்றப் பக்கமாப் போடுங்கோவன்."

"ஏன், அதுக்கென்ன?"

"உடுப்புக் காயப்போட அதால போகேக்க கால் சுடுது."

"தை மாச வெயிலுக்குச் சுடாமல் குளிருமே?"

"வெயில் வாறதுக்கு முதலே சுடுதப்பா. விடியப்புறத்தில."

அவன் சிரித்தான். மீற்றர் காட்டியதை அவளிடம் சொல்லவில்லை. அவள் அந்த மூலையை ஒருமுறை பார்த்துவிட்டு, "போட்டு வாறன்" என்று போனாள்.

பின்னேரம், பனல்கள் எல்லாவற்றையும் ஒன்றோடொன்று தொடுத்து முடித்து, தொடுப்பின் இரு முனையிலும் மீற்றரைக் கொளுவிப் புல்லில் வைத்துவிட்டு, கைபேசியைச் சுத்தியலும் குறடும் கிடந்த ஆயுதப்பெட்டிக்குள் போட்டுவிட்டு, பனல் வரிசையின் தாழ்ந்த விளிம்புக்குக் கீழே மல்லாக்கப் படுத்து நுழைந்தான். கடைசித் திருகாணிகளைக் கீழிருந்துதான் இறுக்க வேண்டும். மேலே பனல்களின் வெள்ளை முதுகு தாழ்ந்த கூரை மாதிரி. சூடான தகரக் கொட்டகை எங்கோ டிக் டிக்கென்று விரிந்துகொண்டிருந்தது. தூரத்து நெடுஞ்சாலையின் இரைச்சல், புல்லில் வெட்டுக்கிளிகள், அவன் முதுகின் கீழ் மண்ணிலிருந்து கிளம்பிய நனைந்த இரும்பு மணம். மழை பெய்து ஒரு மாதத்துக்கு மேலாகியிருந்தது.

மூலைத் தூண் சத்தமேயில்லாமல் இறங்கியது.

சரியவில்லை, முறியவில்லை. தண்ணீருக்குள் இறங்குவதுபோல நேராக இறங்கியது. அதோடு வரிசை முழுவதும் சாய்ந்து அவன்மேல் வந்தது. பனல்களைத் தாங்கிய கீழ் இரும்புச் சட்டம் தொடைகளின்மேல் அமர்ந்தது. வலது கை முழங்கைவரை இரும்புக்கும் மண்ணுக்கும் நடுவில் போனது. இடது கை தலைக்கு மேலே, சட்டத்துக்கு வெளியே, புல்லைப் பிராண்டும் அளவுக்கு மட்டும் விடப்பட்டது. பனலின் முதுகு மூக்குக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் வந்து நின்றது.

வலி பெரிதாக இல்லை. மூச்சு வந்தது. கத்தினான். அயல் வீடு புல்வெளிக்கு அப்பால். அவன் குரல் அவனுக்கே திரும்பி வந்தது.

அப்போதுதான் பனல்களைத் தொடுத்த வயரைக் கண்டான்.

சட்டத்தின் கூர் விளிம்பு உறையை அறுத்ததில், செப்பு வெளித்தெரிய, அது அவன் தாடைக்கும் நெஞ்சுக்கும் நடுவில் தொங்கியது. காற்று வந்தது. வயர் மெல்ல ஆடி இரும்பைத் தொட்டது. நீலமாக ஒரு பொறி சீறியது. கருகிய பிளாஸ்ரிக் நாற்றம் கண்ணை எரித்தது.

பனல் தொடுப்பின் மற்ற முனை எங்கோ சட்டத்தைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. அந்தச் சட்டம் அவன் உடம்பின்மேல் கிடக்கிறது. அந்தச் செப்பு கழுத்தில் பட்டால் போதும். இடது கையை உள்ளே இழுத்தெடுத்தால் சட்டத்தை நெம்பிப் பார்க்கலாம். அதற்கு நெஞ்சைத் தூக்கவேண்டும். நெஞ்சைத் தூக்கினால் செப்பு. எந்தச் சுவிச்சும் இதற்கு உதவாது. வெயில் இருக்கும்வரை பனலை அணைக்க முடியாது.

வெயில் இறங்கினால் மின்சாரம் தானாகவே செத்துப்போகும். இருபது வருஷ எலக்ரீஷியனுக்குத் தெரியாதா? பொழுதுபடும்வரை அசையாமல் கிடக்க வேண்டும். அவ்வளவுதான்.

ஆனால் இந்த நாட்டில் தை மாதத்துச் சூரியனுக்கு அவசரமில்லை. இரவுச் சாப்பாட்டு நேரத்திலும் மேற்கே நிற்கும். மீற்றர் அவன் காதோரம் கிடந்தது. கண்ணைக் கடைசிவரை ஒதுக்கினால் எண்கள் தெரிந்தன. காற்று வரும்போதெல்லாம் மூச்சைப் பிடித்தான். எறும்பொன்று கண்ணிமையில் ஏறி மெதுவாக நடந்து இறங்கியது. ஆயுதப்பெட்டிக்குள் கைபேசி அடித்தது. பாமா. அடித்து நின்றது. திரும்ப அடித்தது. அவன் அதற்குப் பதில் சொல்வதுபோல, உதட்டை மட்டும் அசைத்து, "வாறன், வாறன்" என்றான்.

வேலியின் நிழல் நீண்டு புல்லில் ஊர்ந்தது. எண்கள் குறையத் தொடங்கின. அவனுக்கு அழுகை வந்தது. இன்னும் கொஞ்சம். புல்லின் மஞ்சள் சிவப்பானது, சிவப்பு சாம்பலானது. எண்கள் இறங்கின. வெட்டுக்கிளிகள் அடங்கின. இன்னும் கொஞ்சம். வேலிக்கு அப்பால் சூரியன் முற்றாக மறைந்தது.

எண் நின்றது.

இறங்கவில்லை. அதே இடத்தில் நின்று துடித்தது. பிறகு ஒன்று கூடியது.

மீற்றர், என்றான். புதுசு, என்றது மனம்.

இன்னும் ஒன்று கூடியது. இன்னும் ஒன்று.

முதுகு சுட்டது. இவ்வளவு நேரமும் சுட்டுக்கொண்டுதான் இருந்தது. வெயில் என்று நினைத்திருந்தான். வெயில் போய்விட்டது. சூடு போகவில்லை. சட்டையினூடாக, தோலினூடாக, கீழிருந்து. சூரியன் இருந்தபோது தெரியாத அந்த மண்ணின் வெடிப்புகள் இப்போது ஒவ்வொன்றாகத் தெரிந்தன. கோடு கோடாக. வெள்ளை வெளிச்சமாக.

வயர் ஆடியது. பொறி சீறியது. முன்னையதைவிடப் பெரிதாக.

வீட்டு வாசலில் கார் வந்து நிற்கும் சத்தம். கதவு. படிக்கட்டு. பாமாவின் குரல்.

"என்னப்பா, ஃபோன் எடுக்கமாட்டீங்களே? எத்தினை தரம் அடிச்சனான்."

"பாமா! கிட்ட வராதை! ஒண்டையும் தொடாதை!"

நெஞ்சை எழுப்பாமல் எவ்வளவு கத்த முடியுமோ அவ்வளவு கத்தினான். அது அவளுக்குப் பாதிதான் கேட்டிருக்கவேண்டும். செருப்பைக் கழற்றிவிட்டு அவள் புல்லில் இறங்குவது கேட்டது.

"ஏன் லைற்றை நிலத்துக்குள்ள வச்சிருக்கிறீங்கள்?"

"பாமா, நில்! பயர் பிரிகேட்டுக்கு அடி! அங்கயே நில்!"

காலடிகள் நின்றன. அவள் குனிந்து பார்க்கிறாள் என்று தெரிந்தது. அவள் மூச்சு கேட்டது. பிறகு, வீட்டுக்கு வந்த விருந்தாளியைப் பற்றிக் கேட்பதுபோலத் தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"ஆரப்பா அது, உங்களோட படுத்திருக்கிறது?"

தலையைத் திருப்ப முடியாது. செப்பு அங்கே நிற்கிறது. கண் மட்டும் மேலே போனது. பனலின் வெள்ளை முதுகு, கீழிருந்து வந்த வெளிச்சத்தில் திரைபோல ஒளிர்ந்தது. அதில் அவனுடைய நிழல். நெற்றி, மூக்கு, தாடை.

அதன் பக்கத்தில் இன்னொன்று. அவன் காதோடு வாய் வைத்தபடி.

அதற்கப்பால் இன்னொன்று. அடுத்த பனலில் இரண்டு. அதற்கடுத்ததிலும். வரிசையின் அந்த முனைவரை, தோளோடு தோள் ஒட்டி, எல்லாம் மல்லாக்கப் படுத்திருந்தன.

"பொறுங்கோ, தூக்கிவிடுறன்" என்றாள் பாமா. புல்லில் அவளுடைய வெறுங்கால்கள் நடக்கத் தொடங்கின.

நிழல்கள் ஒவ்வொன்றாக அவள் வரும் பக்கம் தலையைத் திருப்பின.