சமேஜிமா வீட்டுத் தூபக்கால்

காலை 7.10. கனசாவா நகரில் தேநீர்க் கலை கற்பித்துவந்த சமேஜிமா தோவா அம்மையார், தம் தேநீர் அறையில் கழுத்து நெரிபட்டுக் கிடந்தார். முதலில் பார்த்தவள் மாணவி இகுகோ. மாடத்தில் இருந்த சீனத்துப் பச்சைப் பீங்கான் தூபக்காலைக் காணவில்லை. சீனத்தில் பூஜைக்குப் புகைந்தது. கடல் கடந்து வந்த பின், வெள்ளி மூடியோடு நானூறு ஆண்டுகளாகத் தேநீர் விருந்துகளுக்கு மணமூட்டியது.

7.50. இன்ஸ்பெக்டர் உராபே சிஸு மாடத்தின் முன் மண்டியிட்டார். கறுப்பு அரக்குப் பலகையில் படிந்திருந்த சாம்பலில் மூன்று சுத்தமான புள்ளிகள். அருகிலேயே தூபக்காலின் பழைய மரப்பெட்டி. உள்ளே பட்டு மெத்தையில் அழுந்தியிருந்ததோ ஒரே ஒரு வட்டம்.

தூபக்காலை விற்கச் சொல்லி அம்மையாரின் தம்பி மகன் ரொகுயா சண்டை போட்டதை இகுகோ சொன்னாள். முந்தைய மாலை அவன் தெருமுனையில் நின்றானாம். போலீஸார் அவனைப் பிடித்து உட்காரவைத்தார்கள். சென்ற வாரம்தான் பழம்பொருள் வியாபாரி நுகுயி, தூபக்காலுக்குப் புது மூடி போட்டுத் திருப்பித் தந்தார் என்பதையும் அவளே சொன்னாள்.

10.20. நுகுயியின் கடை. தூபக்காலைத் தந்த பிறகு அந்த வீட்டுப் பக்கமே போகவில்லை என்று உராபேயிடம் சொன்னார் அவர்.

"அசல் தூபக்காலுக்கு மூணு காலும் அந்தரத்துல நிக்கும். அடிவளையம்தான் தரையில உட்காரும். சரிதானே?"

"ஆமா."

"பலகையில மூணு கால் தடம் இருக்கே. நீங்க திருப்பித் தந்தது போலி."

"ரொகுயாவும் மாத்தியிருக்கலாம்."

"அசலை அவன் எடுத்திருந்தா பெட்டியையும் எடுத்திருப்பான். பெட்டி இல்லாம இங்க வாங்க ஆள் வராதுன்னு அந்த வீட்டுல வளர்ந்தவனுக்குத் தெரியும். நேத்து வந்தவனுக்குப் பெட்டி வேண்டாம். விக்க எடுக்கல, மறைக்க எடுத்தான். அது போலின்னு அந்தம்மா கண்டுபிடிச்சிருக்கணும்; அவங்களைத் தவிர தெரிஞ்சவர் நீங்க ஒருத்தர்தான்."

கொல்லைப்புறக் குப்பையிலிருந்து பச்சைப் பீங்கான் துண்டுகளை ஒரு காவலர் கொண்டுவந்து வைத்தார். நுகுயி அதில் உடைந்த கால் ஒன்றை எடுத்துத் திருப்பினார்.

"சூளையில கால் இறங்கிடுச்சு. ஒரு அரிசி கனம். யார் பார்க்கப் போறாங்கன்னு நினைச்சேன்."

"அந்தம்மா ஏன் எங்ககிட்ட வரல?"

"என்னைக் கூப்பிட்டு உட்காரவச்சு, தேநீர் கலக்கிக் கொடுத்தாங்க. வித்த இடத்துல கேட்டு வாங்கிட்டு வந்துடுங்க, யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னாங்க. ஆனா பொருள் நாட்டை விட்டே போயிடுச்சு."

"தேநீரைக் குடிச்சீங்களா?"

"குடிச்சேன். கிண்ணத்தைக் கழுவக் குனிஞ்சாங்க. அப்பதான்."