ஆடு பாதியில் விட்ட கதை

புதுப்பட்டினம் பஸ் நிறுத்தத்தில் ஜெபக்குமார் வருவதைப் பார்த்தால் பாதிப்பேர் காணாமல் போய்விடுவார்கள்.

ஐயோ, அவர் ரவுடி எல்லாம் இல்லை. வீடு வீடாகப் போய் மின்சார மீட்டரில் ரீடிங் எடுக்கிறவர். போகிற வீட்டில் வயதானவர்கள் இருந்தால், "அந்தக் காலத்துல இந்த ஊர் எப்டி இருந்துச்சி?" என்று கேட்பார். அவர்கள் சொன்னதைக் கையில் கிடைத்த காகிதத்தில் எழுதிக்கொள்வார். கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கம், காலண்டர் தாள், மருந்துச் சீட்டு, எதையும் விட மாட்டார். முட்டுக்காட்டிலிருந்து புதுப்பட்டினம் வரை இந்தக் கடலோரத்தின் பழைய சங்கதி முழுக்க அவர் வீட்டுக் கட்டிலுக்கு அடியில்தான் இருந்தது.

கட்டிலுக்கு அடியில் மட்டும் இருந்தால் பரவாயில்லை. வாயிலும் இருந்தது. அதுதான் தொல்லை!

"ஒரு கப்பல் கதை சொல்றேன், கேளுங்க" என்று ஆரம்பித்தால் லேசில் விட மாட்டார். திருக்கழுக்குன்றம் போக வேண்டிய ஒருவர், இவரிடமிருந்து தப்பிக்க மாமல்லபுரம் பஸ்ஸில் ஏறிப் போனார் என்றால் பாருங்களேன்.

ஒரு சனிக்கிழமை காலை, நமுத்துப்போன கப்பல் கதைத் தாள்களை அவர் வாசலில் வெயிலில் பரப்பினார். பறக்காமல் இருக்க ஒவ்வொன்றின் மேலும் ஒரு கல் வைத்தார். டீ குடிக்க உள்ளே போனார்.

அவ்வளவுதான். பக்கத்து வீட்டு ஆடு ராணி வந்தது. கல்லை மூக்கால் தள்ளிவிட்டு, முதல் தாளிலிருந்து வரிசையாகத் தின்றது.

ஜெபக்குமாரின் மகள் சிநேகா அலறிக்கொண்டு ஓடி வருவதற்குள் பாதிக் கதை ராணியின் வயிற்றுக்குள் போய்விட்டது. ராணி தலையைத் தூக்கியது. ஒரு தும்மல் போட்டது. மீதியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நடந்து போய்விட்டது.

அப்பா கோபப்படவில்லை. அதுதான் சிநேகாவுக்குப் பயமாக இருந்தது.

"பாத்தியா சாராள்," என்று அம்மாவிடம் சொன்னார். "ஆடு கூட பாதியில எழுந்து போயிடுச்சி."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டார்.

"திரும்ப எழுதுங்கப்பா. உங்களுக்குத்தான் கதை தெரியுமே!" என்றாள் சிநேகா.

"யாருக்கு எழுதறது? இத்தினி வருஷத்துல ஒருத்தர் காதுலயும் ஏறல. நாளைக்குப் பழைய பேப்பர்காரர் வந்தா எல்லாத்தையும் எடைக்குப் போட்டுடலாம்."

மத்தியானத்துக்குள் மூன்று சாக்குகளைக் கட்டிவிட்டார். "இந்தக் குப்பைய எடுங்க, பெருக்க முடியல" என்று தினமும் திட்டுகிற அம்மா, காலியான கட்டிலடியைப் பார்த்தபடி துடைப்பத்தோடு சும்மா நின்றார்.

சிநேகாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆனால் அழுதால் பேப்பர்காரர் வராமல் இருந்துவிடுவாரா? ஆடு விட்டுப்போன மீதித் தாள்களைப் படித்துப் பார்த்தாள். பைக்குள் பத்திரமாக வைத்தாள். ஒரு நோட்டையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள். ஒருத்தர் காதிலும் ஏறவில்லையா? கேட்டுப் பார்த்துவிடலாம்!

முதலில் ஷேர் ஆட்டோ ஓட்டும் பிரபா அகப்பட்டார்.

"அண்ணா, எங்கப்பா உங்களுக்குக் கப்பல் கதை சொல்லியிருக்காரா?"

பிரபா சட்டென்று நாலா பக்கமும் பார்த்தார். "இன்னா, வந்துகினு கீறாரா?"

"இல்லண்ணா. நான் மட்டும்தான்."

பிரபாவுக்கு மூச்சு வந்தது. "சொல்லாம வுடுவாரா? வெள்ளக்காரன் கப்பல் ஒண்ணு புயல்ல மாட்டிகிச்சி. பிரேக் புடிக்காம நம்மூரு மணல் திட்டுல ஏறிடுச்சி. ஒரு பக்கமா சாஞ்சிகினு கீது. உள்ள கீறவன்லாம் கத்தறான்... அப்ப ஒரு சவாரி வந்துச்சி. நான் எஸ்கேப்பு!"

சிநேகா மளமளவென்று எழுதினாள். பிரேக்கை மட்டும் விட்டுவிட்டாள்.

அடுத்தது டீக்கடை தனகோடி.

"கேக்காம? கடைய வுட்டுட்டு நான் எங்க ஓடறது?" என்றார் அவர். "மூணு குப்பத்து ஆளுங்களும் கட்டுமரத்த எடுத்துகினு போய் எல்லாரையும் காப்பாத்திட்டாங்க. கேப்டன் மட்டும் எறங்க மாட்டேன்றான். கப்பல் மணியக் கட்டிப் புடிச்சிகினு உக்காந்துகினு கீறான். அப்ப பாத்து பால் பொங்கிடுச்சி. நான் அடுப்பாண்ட ஓடிட்டேன்."

"அப்றம் எறங்கினானா, இல்லியா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. ஆட்டோவை விட்டுவிட்டு பிரபா வந்து நின்றுகொண்டிருந்தார்.

டீக்கடைக்குப் பக்கத்தில் மீன் கூடையோடு சின்னப்பொண்ணு உட்கார்ந்திருந்தார். ராணி அவருடைய ஆடுதான். சிநேகாவைப் பார்த்ததும் அவர் முந்திக்கொண்டார்.

"பேப்பருக்குச் சண்ட போட வந்தியா? ராணிக்கு வவுறு உப்பிகினு கீது, பாவம்!"

"இல்ல அத்தை. கப்பல் கதை..."

"அதுவா? கேப்டன மணியோட சேத்துத் தூக்கினு வந்தாங்க. நண்டுக் கொழம்பு ஊத்தி சோறு போட்டாங்க. காரம் தாங்காம அவன் கண்ணுல தண்ணி கொட்டுது. நம்மாளுங்க, பாவம், கப்பல நெனச்சி அழறான்னு இன்னும் ரெண்டு கரண்டி ஊத்தினாங்க!"

மூவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"போவும்போது அந்த மணியக் குடுத்துட்டுப் போனான். வந்துச்சி வம்பு! மணி எங்களுக்குத்தான்னு மூணு குப்பமும் துடுப்பத் தூக்கினு சண்டைக்கு நிக்கறாங்க..."

"அப்றம்?" என்று பிரபாவும் தனகோடியும் ஒரே நேரத்தில் கேட்டார்கள்.

"அப்றம் மீன் வித்துப்போச்சி. நான் எழுந்து வூட்டுக்குப் போய்ட்டேன்."

"இன்னாக்கா நீ! முக்கியமான எடத்துல..." என்று சலித்துக்கொண்டார் பிரபா.

"அடேங்கப்பா! நீ மட்டும் முழுசா கேட்டியாக்கும்?"

மூவரும் சிநேகாவின் பக்கம் திரும்பினார்கள். "மணி யாருக்குத்தான் போச்சி? சொல்லு கண்ணு!"

சிநேகா வாயைத் திறந்தாள். விடை பைக்குள் இருந்தது. சொல்லிவிடலாம். ஆனால் இங்கேயே சொல்லிவிட்டால் இவர்கள் அப்பாவைத் தேடி எதற்கு வரப்போகிறார்கள்? அவள் ரோட்டைப் பார்த்தாள். திடுக்கிட்டவள் போல முகத்தை வைத்துக்கொண்டாள்.

"ஐயையோ! எனக்கு டியூஷனுக்கு நேரமாச்சி!"

ஓடியே போய்விட்டாள்.

"ஏய் பொண்ணே! நில்லு! சனிக்கிழம ஏது டியூஷன்?" என்று பின்னால் மூன்று குரல்கள் கத்தின.

சாயங்காலம் வாசலில், "சார்! சார்!" என்று ஒரே சத்தம். அப்பா சோர்ந்துபோய் எட்டிப் பார்த்தார்.

"இன்னா பிரபா, பில்லு அதிகமா வந்துடுச்சா?"

"பில்லு கெடக்குது சார். மணி யாருக்குப் போச்சி? அதச் சொல்லுங்க!"

அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. சிநேகா நோட்டை நீட்டினாள். அவர் நின்றபடியே படித்தார்.

"நண்டுக் கொழம்பா? எறாக் கொழம்புன்னு இல்ல எழுதியிருந்தேன்!"

"நண்டுதான்!" என்றார் சின்னப்பொண்ணு. "நீங்கதான் சொன்னீங்க."

அப்பாவின் கண் கலங்கிவிட்டது. "அப்ப நீங்கள்லாம்... கேட்டுகினா இருந்தீங்க?"

"காது கீதே சார், இன்னா பண்றது?" என்றார் தனகோடி.

அம்மா பாயை விரித்தார். சிநேகா மீதித் தாள்களை எடுத்துக் கொடுத்தாள். அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு படிக்க ஆரம்பித்தார்.

பல நாள் சண்டைக்குப் பிறகு மூன்று குப்பமும் ஒரு முடிவுக்கு வந்தனவாம். மணி ஒரு குப்பத்துக்கு. உள்ளே அடிக்கிற நாக்கு இன்னொரு குப்பத்துக்கு. கட்டித் தொங்கவிடும் கயிறு மூன்றாவது குப்பத்துக்கு. அதன் பிறகு புயல் என்றாலும் சரி, திருவிழா என்றாலும் சரி, மூன்று குப்பமும் ஒன்றாக வந்து நின்றால்தான் மணிச் சத்தம் கேட்குமாம்.

பிரபா விசில் அடித்தார்.

"நாக்கு எங்க குப்பத்துக்குத்தான் வந்திருக்கும்!" என்றார் சின்னப்பொண்ணு.

"அதுல இன்னா சந்தேகம்?" என்றார் தனகோடி. எல்லாரோடும் சேர்ந்து சின்னப்பொண்ணுவும் சிரித்துவிட்டார்.

"சரி சார், அந்த மணி இப்ப எங்க கீது?" என்று கேட்டார் பிரபா.

"அது வேற கதை," என்று அப்பா தயங்கினார். "சாக்குல இருக்குது. நாளைக்கு எடைக்குப்..."

அவர் முடிப்பதற்குள், அம்மா அரிவாள்மணையை எடுத்துவந்து சாக்குக் கயிற்றை அறுத்துவிட்டார்.

அன்றைக்கு அந்தக் கதை, அடுத்த கதை, அதற்கடுத்த கதை என்று போய்க்கொண்டே இருந்தது. அப்பாவுக்குத் தொண்டை கட்டிவிட்டது. பசி வேறு. மெதுவாக எழுந்து, கடிகாரத்தைப் பார்த்தார்.

"எனக்குக் கொஞ்சம் வேலை கீது. மிச்சத்த நாளைக்குப் பாக்கலாமா?"

"முக்கியமான எடத்துல இன்னா சார் நீங்க!" என்று பிரபா அவர் கையைப் பிடித்தார்.

அப்பா தப்பித்து ஓட வாசலைப் பார்த்தார். அங்கே படியை அடைத்துக்கொண்டு சின்னப்பொண்ணு உட்கார்ந்திருந்தார்.