குரல் நின்றதை அவள் கேட்கவில்லை

கத்திரி வெயில் ஆரம்பித்த வாரம், ஒரு நடுமத்தியானத்தில், சூடாமணியின் வீட்டில் தேங்காயெண்ணெய் உறைந்தது.

முதலில் பார்த்தவள் வேலைக்காரி தாயம்மா. சூடாமணியின் கணவர் சுந்தரராமனின் அறையைப் பெருக்கப் போனவள், எண்ணெய்ப் புட்டியோடு கூடத்துக்கு வந்து, அதைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினாள். வெள்ளை வெளேரென்று மெழுகாக இறுகிப் போயிருந்தது. ஒரு சொட்டும் இறங்கவில்லை.

"இன்னாம்மா இது? வெளியில காக்கா கூட நெழலுக்கு ஓடுது. இது மார்கழி மாதிரி கெட்டியாக் கீது."

"அந்த ரூம்ல வெயில் படாது, தாயம்மா."

தாயம்மா அவளையே பார்த்தாள். மேற்குப் பார்த்த அறை அது. சித்திரகுளத்துப் பக்கம் சாய்கிற வெயில் முழுக்க அந்தச் சுவரில்தான் இறங்கும். சுந்தரராமன் இருந்த காலத்தில் பனை விசிறியும் கையுமாகவே பரீட்சைத் தாள் திருத்துவார். அது இருவருக்கும் தெரியும். தாயம்மா புட்டியைத் தரையில் வைத்துவிட்டு, முந்தானையில் விரல்களைத் துடைத்துக்கொண்டே கிணற்றடிக்குப் போனாள்.

சூடாமணி அந்த அறையின் நிலைப்படியில் போய் நின்றாள். பழைய புத்தகங்களும் அந்துருண்டையும் கலந்த வாசனை எப்போதும் வரும். இன்று அது இல்லை. கழுவித் துடைத்த கருங்கல்லைப் போல, எதுவுமே இல்லாத ஒரு வாசனை இருந்தது. ஒரே ஒரு இடத்தில்தான் அதை அவள் முகர்ந்திருக்கிறாள். அந்த இடம் கடலுக்கு அப்பால் இருந்தது.

போன வருஷம், 1932-இல், பம்பாய்க் கம்பெனி ஒன்று 'விஞ்ஞானமும் பனிமலையும்' என்று விளம்பரம் போட்டு ஒரு கூட்டத்தை ஐரோப்பாவுக்கு அழைத்துப் போயிற்று. காலேஜில் பௌதிகம் சொல்லிக்கொடுத்த சுந்தரராமன் அந்த விளம்பரத்தைக் கத்தரித்து, சாப்பிடும்போதும் பக்கத்தில் வைத்துக்கொண்டிருந்தார். குழந்தை குட்டி இல்லை. "நாம ரெண்டு பேரும் போய்ட்டு வரலாம், சூடா. அப்புறம் ஆயுசு பூரா அதையே பேசிண்டிருக்கலாம்" என்றார். கொழும்பில் கப்பல் ஏறினார்கள்.

ஜெர்மனியில் ஒரு வட்டமான மண்டபத்தில் விளக்கை அணைத்துச் செயற்கை வானத்தைக் காட்டினார்கள். நட்சத்திரங்கள் முளைத்தபோது அவர் இருட்டில் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். மயிலாப்பூரில் அவர் அப்படிச் செய்ததே இல்லை. கண்ணாடிச் சில்லு தீட்டும் பட்டறையில், கூட வந்த சிந்தாதிரிப்பேட்டை மூக்குக்கண்ணாடி வியாபாரி அன்வர் பாஷாவுக்காகக் கேள்விக்கு மேல் கேள்வியாகக் கேட்டு, பதில்களை மொழிபெயர்த்துக் கொடுத்தார். கடைசியில் ஸ்விட்சர்லாந்து. மலையைக் குடைந்து ஏறுகிற ரயில், உச்சியில் வானத்தை ஆராய்கிற கூடம், அதன் காலடியில் அசையாமல் கிடந்த வெள்ளைப் பனி ஆறு.

"நிக்கற மாதிரி இருக்கே, நிக்கலை. நடந்துண்டேதான் இருக்காம்" என்றார் சுந்தரராமன், வழிகாட்டி சொன்னதைத் தமிழாக்கி. "ஒரு நாளைக்கு ஒரு சாண். கண்ணுக்குத் தெரியாது. ஆனா வந்துடும்."

எல்லோரும் வரிசையாகப் பனிமேல் நடந்தார்கள். தெர்மாமீட்டரைப் பனியில் செருகிப் பார்க்க அவர் நாலடி விலகினார். பஞ்சு மூட்டை விழுந்த மாதிரி ஒரு சத்தம். அவர் நின்ற இடத்தில் நீலமாக ஒரு பிளவு இருந்தது.

கயிறு எட்டவில்லை. மூடுபனி இறங்கியது. சூடாமணி பிளவின் விளிம்பில் குப்புறப் படுத்துக் கத்தினாள். அடியிலிருந்து அவர் குரல் வந்தது. "பயப்படாதே, சூடா. அடிபடலை. இங்கே எல்லாம் நீலமா இருக்கு. ரொம்ப அழகா இருக்கு." பிறகு, அவளுக்குத் தைரியம் சொல்வதற்காகவே போல, தெர்மாமீட்டரைப் படித்துச் சொல்லிக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு தடவையும் எண் குறைந்தது. பிறகு, "குளிர்றதுடி" என்றார். பிறகு, சின்னப் பையன் மாதிரி, "ஆத்துக்குப் போகணும்" என்றார்.

"வாங்கோ" என்று கதறினாள் அவள். "ஆத்துக்கு வாங்கோ."

நாலு பேர் அவளைத் தூக்கி இழுத்துப் போனார்கள். அப்போதும் அவர் பேசிக்கொண்டுதான் இருந்தார்.

அதனால்தான் அவள் இன்னும் நெற்றியில் குங்குமம் வைத்துக்கொண்டிருந்தாள். மச்சினன் கிச்சா நல்லவன். வற்புறுத்தவில்லை. ஆனால் அன்று சாயங்காலம் ஆபீஸிலிருந்து வந்ததும் அவள் முகத்தைப் பார்க்காமல் பேசினான்.

"மன்னி, வருஷம் திரும்பப் போறது. உடம்பு கெடைக்காட்டா தர்ப்பையால உருவம் பண்ணி தகனம் பண்ணலாம்னு வாத்தியார் சொல்றார். அண்ணாவுக்கு ஒரு கதி வேண்டாமா?"

"குரல் கேக்கறச்சேதான் விட்டுட்டு வந்தேன், கிச்சா. அது நின்னதை நான் கேக்கலையே."

கிச்சா சட்டையைக் கழற்றாமலே கிணற்றடிக்குப் போனான்.

மறுநாள் அந்தக் குளிர், அறையின் நிலைப்படியைத் தாண்டியிருந்தது. கூடத்தின் சிவப்புச் சிமெண்டுத் தரையில் வெறுங்காலோடு நடந்தால், ஊஞ்சல் வரைக்கும் வெதுவெதுப்பு. அதற்கப்புறம் ஒரு கோடு கிழித்த மாதிரி ஜில்லென்றது. அடுத்த நாள் அந்தக் கோடு ஊஞ்சலுக்கு இந்தப் பக்கம் வந்தது. எறும்புச் சாரி அதன் ஓரமாகவே வளைந்து போயிற்று. தெரு தகித்தது, தார் இளகியது, ஜட்காக் குதிரைகள் வாயில் நுரை தள்ளின. உள்ளே பித்தளைக் குடம் வியர்த்து வியர்த்துத் தன்னைச் சுற்றி ஒரு குட்டையே கட்டியிருந்தது.

கிச்சா ஆபீஸ் போன பிறகு, வெயில் உச்சிக்கு ஏறும்போது, தரைக்கு அடியிலிருந்து குரல் வரும். மெதுவாக. பொறுமையாக. எண்களைச் சொல்லும். சூடாமணி கூடத்தில் ஒருக்களித்துப் படுத்து, கன்னத்தைத் தரையில் வைத்துக் கேட்பாள். பயமாகத்தான் இருந்தது. பயத்துக்கு மேல், அது அவர் குரல். எட்டு மாதத்துக்கு அப்புறம் ஒருத்தர் அவளைச் 'சூடா' என்று கூப்பிடுகிறார். கன்னம் மரத்துப் போகும் வரை எழுந்திருக்க மாட்டாள்.

ஒரு நாள் அவள் அப்படிக் கிடந்தபோது தாயம்மா பின்கட்டிலிருந்து எட்டிப் பார்த்தாள். துடைப்பம் கையிலிருந்து நழுவியது.

"அம்மா, எழுந்துருங்க. கீழ யாரோ பேசிக்கினு கீறாங்க."

சூடாமணிக்கு நெஞ்சு பூரித்தது. "உனக்கும் கேக்கறதா? ஐயா குரல்தானே?"

"ஐயாவா?" தாயம்மா பின்னால் நகர்ந்தாள். "சந்தை மாதிரி கீதும்மா. எத்தினியோ பேரு."

அதற்குப் பிறகு தாயம்மா வேலைக்கு வரவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து அன்வர் பாஷா தம் மனைவி ஹாஜிரா பீயோடு பார்க்க வந்தார். ஊர் திரும்பிய பிறகு இதுதான் முதல் தடவை. அவருடைய தாடி இந்த எட்டு மாதத்தில் முழுக்க நரைத்திருந்தது. ஹாஜிரா பீ உள்ளே கால் வைத்ததும் துப்பட்டாவை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"யா அல்லா, இன்னா இப்டி குளிருது!" என்றாள்.

அன்வர் பாஷா தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். சூடாமணி மோர் கொண்டுவந்து வைத்தாள். அது அவர்கள் எதிரிலேயே ஓரங்களில் இறுகியது. யாரும் அதைத் தொடவில்லை.

"பாய், ஒண்ணு கேக்கணும்" என்றாள் சூடாமணி. "அன்னிக்கு நீங்கதானே என் காலைப் பிடிச்சிண்டிருந்தேள்? என்னைத் தூக்கிண்டு போனதுக்கு அப்புறம், அவர் எவ்வளவு நேரம் பேசினார்?"

அன்வர் பாஷா மனைவியைப் பார்த்தார். ஹாஜிரா பீ வேண்டாமென்று தலையசைத்தாள்.

"சொல்லுங்கோ."

"எப்டிம்மா சொல்லுவேன்?" என்றார் அவர். "உங்க வீட்டுக்காரரு பேசவே இல்லம்மா. விழுந்தாரு, அவ்ளோதான். பள்ளத்துல இருந்து மூச்சுச் சத்தம் கூட வரல. நீங்க மட்டுந்தான் பேசினீங்க. நடுவுல நடுவுல நிறுத்தி, யாருக்கோ பதில் சொல்ற மாதிரி."

சூடாமணியின் கை நெற்றிக் குங்குமத்துக்குப் போயிற்று.

"அந்த வழிகாட்டி உங்க வாயைப் பொத்த வந்தானே, நெனப்பு கீதா? 'பதில் பேசாதே, பதில் பேசாதே'ன்னு அரைகுறை இங்கிலீஷ்ல கத்திக்கினே வந்தான். மனுசன் அழுதுட்டாம்மா. அவன் இன்னாத்துக்கு அப்டிப் பயந்தான்னு நம்ம யாருக்கும் புரியல."

ஹாஜிரா பீ வந்து அவளைக் கட்டிக்கொண்டாள். "எங்க வீட்டுக்கு வந்துடுங்கம்மா. ரெண்டு நாள் இருந்துட்டுப் போங்க."

"நாளைக்கு வரேன்" என்றாள் சூடாமணி.

அவர்களுடைய ஜட்கா திருப்பத்தில் மறைந்த பிறகு, அவள் சமையலறைக்குப் போய் அடுப்பின் அருகில் உட்கார்ந்து அழுதாள். பனிமலையிலிருந்து வந்ததிலிருந்து அவள் அப்படி அழுததில்லை. அவர் விழுந்த கணமே போய்விட்டார். குளிரவில்லை. பயப்படவில்லை. அவளைக் கூப்பிடவில்லை. எட்டு மாதமாக அவள் இரவும் பகலும் மார்பில் சுமந்த அந்தக் கூப்பாடு அவருடையதே இல்லை. அப்படியானால் 'ஆத்துக்கு வாங்கோ' என்று அவள் கூப்பிட்டது யாரை? அந்த நினைப்பில் ஆறுதலும் இருந்தது. அந்த ஆறுதலைத் தாங்கத்தான் முடியவில்லை. இப்போது அவரிடமிருந்து அவளுக்கு ஒரு கடைசி வார்த்தைகூட இல்லாமல் போயிற்று.

கிச்சா வந்ததும், "காரியத்தைப் பண்ணிடு" என்றாள். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, விளக்கு வைப்பதற்குள் வாத்தியாரிடம் சொல்லிவிட்டு வருவதாகக் கிளம்பினான். மந்தைவெளி வரைக்கும் போகவேண்டும்.

வாசல் கதவு சாத்திய சத்தம் அடங்குவதற்குள், கூடத்திலிருந்து குரல் வந்தது.

"சூடா."

அது அவர் இல்லை. அவளுக்குத் தெரியும்.

"சூடா, குளிர்றதுடி."

காதைப் பொத்திக்கொண்டாள். கையை எடுத்தாள். வாசலுக்குப் போக வேண்டுமானால் கூடத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். ஆனால் அவள் எழுந்தது வாசலுக்குப் போக அல்ல. அதுவும் அவளுக்குத் தெரியும். குரலாவது அவருடையதாக இருந்ததே.

கூடத்தில் மாலை வெயில் விழுந்துகொண்டிருந்தது. அவள் மூச்சு புகையாக எழுந்தது. கோடு என்று எதுவும் இப்போது இல்லை. தரை முழுக்கக் குளிர். நடுக்கூடத்துக்கு வந்தபோது பாதம் தரையில் ஒட்டியது. பிய்த்து எடுத்தாள். இன்னோர் அடி.

சிவப்பு வெளுத்துக்கொண்டிருந்தது. கண்ணெதிரே. சிமெண்டின் நிறம் சாயம் போவதுபோல் வடிந்து, தரை கலங்கி, பிறகு தெளிந்தது. நீலம். ஆழமான நீலம்.

அதற்குள் ஆட்கள்.

ஒருவர் இருவர் அல்ல. சுவருக்குச் சுவர், தோளோடு தோள். பழங்காலத்து அங்கிகள். ஆணியடித்த பூட்ஸ்கள். பின்னல் அவிழ்ந்த ஒரு சிறு பெண். எல்லோரும் நின்றுகொண்டு, எல்லோரும் அண்ணாந்து, அவளையே பார்த்தார்கள். அவர்களுடைய வாய்கள் சேர்ந்து திறந்தன. சேர்ந்து மூடின. அத்தனை வாயிலும் அந்த ஒரே குரல்.

"சூடா."

மண்டியிட்டாள். உள்ளங்கைகளைத் தரையில் ஊன்றினாள். தேடினாள்.

இருந்தார். அவள் கைகளுக்கு நேர் கீழே. விழுந்த அன்று போட்டுக்கொண்டிருந்த அதே கோட்டோடு. அந்தக் கூட்டத்தில் அவர் வாய் மட்டும் மூடியிருந்தது. பல்லைக் கடித்து, உதட்டை இறுக்கி. அவர் கண்கள் அவளைப் பார்த்து அழுதுகொண்டிருந்தன. வேண்டாம், வேண்டாமென்று தலை அசைந்தது. இரண்டு கைகளையும் மேலே தூக்கி, அவளுடைய உள்ளங்கைகளுக்கு அடியில், பனியை முழு பலத்தோடும் மேல்நோக்கி அழுத்திக்கொண்டிருந்தார். அவள் உள்ளே விழுந்துவிடாதபடி.

அவர் விரல்களை, மணிக்கட்டுகளை, முழங்கைகளைச் சுற்றிலுமிருந்து மற்றவர்கள் ஒவ்வொன்றாகப் பிடித்துக் கீழே இழுத்தார்கள்.

அவள் கைகளுக்கு அடியில் தரை, ஈரப் பஞ்சுபோல, இளகத் தொடங்கியது.