மூன்று விரல் இடைவெளி

பாடுகிறவள் ஒரு சாண் இடப்பக்கம் நகர்ந்து நின்றாள்.

அப்படி நகர அவளுக்கு வழியே இல்லை. இரண்டு ஸ்பீக்கர்களையும் சமதூரத்தில் வைத்து, எதிரே இருக்கும் ஒற்றை நாற்காலியில் உட்கார்ந்து கேட்டால், பதிவில் பாடும் அந்தக் குரல் சுவரின் நட்டநடுவில் ஆணியடித்த மாதிரி நிற்க வேண்டும். இருபத்திரண்டு வருடமாக அங்கேதான் நின்றது. அக்காவும் தம்பியுமாகச் சேர்ந்து வீட்டிலேயே ஸ்பீக்கர் செய்யத் தொடங்கிய நாளிலிருந்து, ஒவ்வொரு ஜோடியையும் அட்டைப்பெட்டிக்குள் போடும்முன் இந்தப் பாட்டைக் கண்ணை மூடிக் கேட்டு, குரல் நிற்கும் இடத்தை விரலால் காட்டுவது அக்காவின் வேலை. விரல் நடுச்சுவரைக் காட்டினால் ஜோடி தேறிவிட்டது என்று அர்த்தம். இல்லாவிட்டால் தம்பி முணுமுணுத்துக்கொண்டே மறுபடி ஸ்க்ரூடிரைவரைத் தூக்குவான்.

பத்து நாளாக விரல் இடப்பக்கமே போய்க்கொண்டிருந்தது. வலது காதில் பஞ்சு வைத்தது போல் ஒரு மந்தம். இடது ஸ்பீக்கரை வலப்பக்கமும் வலதை இடப்பக்கமும் மாற்றி வைத்துப் பார்த்தாள். மந்தம் வலப்பக்கத்தை விட்டு அசையவில்லை. அப்படியானால் கோளாறு காதில். மறுநாள் காலையிலேயே அக்கா டாக்டரிடம் ஓடினாள்.

காது டாக்டர் ஹெட்ஃபோனை மாட்டிச் சோதித்துவிட்டு, "இந்த வயசுல இப்படி ஒரு காது! குடுத்து வச்சிருக்கணும்மா" என்று ஒரு தாளை நீட்டினார். அதில் இரண்டு காதுக்கும் ஒரே கோடு.

தம்பிக்கு அது போதுமானதாக இருந்தது. அவன் அளவுக் கட்சி. மைக் வைத்து, கம்ப்யூட்டரில் கோடு நேராக வந்தால் சாப்பிடப் போய்விடுகிற ஆள். அக்கா காதுக் கட்சி. இந்த வழக்கு எத்தனையோ வருடமாகத் தீர்ப்பில்லாமல் இழுத்துக்கொண்டிருக்கிறது.

"டாக்டரும் சரிங்கறாரு, மைக்கும் சரிங்குது. நீ ஒருத்திதான் இல்லைங்கற" என்றான். "இனிமே அளவை வச்சே அனுப்பிடலாமாக்கா?"

கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். மெதுவாகக் கேட்டான். அதுதான் பயமாக இருந்தது. இந்த வீட்டில் காதை விட்டால் அவளுக்கு வேறு உத்தியோகம் கிடையாது.

"என் காதுலயே மைக்கை வச்சு அளந்து பாரு. அப்புறம் பேசு" என்றாள்.

மதியம் மூன்று மணிக்கு நாற்காலியில் உட்கார்ந்தாள். பட்டாணி அளவு மைக் இரண்டை அவளுடைய காதுத் துவாரங்களின் ஓரத்தில் டேப் போட்டு ஒட்டினான் தம்பி. போனை லவுட்ஸ்பீக்கரில் போட்டு அவள் கையில் கொடுத்து, ஒயரைக் கதவிடுக்கில் இழுத்துக்கொண்டு பக்கத்து அறைக்குப் போனான். அவன் அங்கிருந்துதான் பேசுவான். அளக்கும்போது இன்னொரு உடம்பு அறையில் இருக்கக் கூடாது. சத்தம் அந்த உடம்பில் பட்டுத் திரும்பி அளவைக் கெடுத்துவிடும்.

கதவு சாத்தியதும், சன்னல்களைப் பஞ்சுப்பலகை வைத்து அடைத்த அந்த அறையில் பசை வாசனையும் மரத்தூள் வாசனையும் அவற்றுக்கு அடியில் கொஞ்ச நேரம் மூடிவைத்த போர்வைக்குள் இருப்பதுபோல் ஒரு வெதுவெதுப்பும் மட்டும் மிஞ்சின. வெளியே வெயில் அடிக்கிறதென்றோ தெருவில் வண்டிகள் போகின்றன என்றோ சொல்ல ஒரு சின்ன ஓசைகூட இல்லை, அவளுடைய மூச்சுதான் இடது காதில் தெளிவாகவும் வலது காதில் எங்கோ சுவருக்கு அப்பால் என்பதுபோலவும் கேட்டது.

"மூணு தடவை தானா அளக்கும். அசையாம இரு" என்றான் போனில்.

ஸ்பீக்கர்கள் இரண்டிலும் தரையதிர ஓர் உறுமல் தொடங்கி, ஏறி, ஊளையாகி, விசிலாகி, காதுக்கு எட்டாத உயரத்துக்குப் போய் நின்றது.

"கையை எடுக்கா."

"எந்தக் கைய?"

"வலது காதுகிட்ட வச்சிருக்கியே, அத."

இரண்டு கைகளும் மடியில் போனைப் பிடித்திருந்தன. "கை கீழதான்டா இருக்கு."

போனில் கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது. பிறகு தம்பி தோற்றவன் குரலில் சொன்னான். "அக்கா, வலது பக்கம் நிஜமாவே மந்தம்தான். காதுக்குள்ள போறதுக்கு முன்னாடியே சத்தம் மழுங்கிடுது. உன் காதுல ஒண்ணும் இல்ல."

அக்காவுக்கு அழுகையே வந்துவிட்டது. காது போகவில்லை! பத்து நாள் ராத்திரி தூங்காமல் புரண்டதெல்லாம் வீண். "நான் சொன்னேனா இல்லியா? இனிமே எவனாவது அளவு கிளவுன்னு வாயத் தொறந்தா..."

"இரு, இரு. ஏதோ ஒண்ணு பக்கத்துல இருக்கு. சத்தம் அதுல பட்டுத் திரும்புது. காதுலேருந்து ஒரு மூணு விரல் தூரம். முடி தொங்குதா?"

முடியை இறுக்கிக் கொண்டை போட்டிருந்தாள். நாற்காலியின் சாய்மானம் தோளோடு முடிந்துவிட்டது.

தம்பி சிரித்தான். "போன வருஷம் நானும் என் பொண்டாட்டியும் அந்த நாற்காலியில நெருக்கியடிச்சு, தலையோட தலை ஒட்டிக் கேட்டோமே, அப்ப என் காதுல மைக் வச்சு விளையாட்டா அளந்த கோடு இங்க இருக்கு. அச்சு அசலா இதேதான். யாரப் பக்கத்துல உக்கார வச்சிருக்க?"

சிரிப்பு பாதியில் நின்றது.

அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணை மட்டும் ஓரத்துக்கு உருட்டினாள். பஞ்சுச் சுவர். பல்பு வெளிச்சம். ஒன்றுமில்லை. கையை மெல்லத் தூக்கி வலப்பக்கம் துழாவினாள். வெறும் காற்று, கொஞ்சம் சூடான காற்று. இந்த அறையில் சரியாகக் கேட்கிற இடம் ஒன்றே ஒன்றுதான், தலையை ஒரு சாண் தள்ளி வைத்தாலும் குரல் நகர்ந்துவிடும் என்பது அவளுக்குத் தெரியும். ஒழுங்காகக் கேட்க வேண்டுமென்று ஆசைப்படுகிற எதுவும் இங்கேதான் வந்தாக வேண்டும். அவள் தலை இருக்கும் இடத்துக்கு.

இரண்டாவது உறுமல் ஏறியது. ஊளை. விசில்.

"நீ வலப்பக்கம் சாஞ்சியா?"

"இல்ல."

"ரெண்டு விரல்ங்குது" என்றான். "அக்கா, வெளிய வந்துடு. எழுந்து வா."

எழ நினைத்தாள். அதற்குள் வலது கன்னத்தில் மயிர் சிலிர்த்தது. மூச்சில்லை. ஓசையில்லை. அந்தப் பக்கம் முழுக்க, அழுத்தமாக, மௌனம். பத்து நாளாக அவள் மந்தம் என்று நினைத்திருந்த மௌனம். தலை சாய்த்துக் கேட்டுக்கொண்டிருக்கும் ஒன்றின் மௌனம்.

மூன்றாவது உறுமல்.

தரை அதிர்ந்தது. ஏறியது. பாதியில் வலது காது திறந்தது.

பளிச்சென்று. முழுசாக. இருபத்திரண்டு வருடத்தில் இவ்வளவு துல்லியமாக அவள் எதையும் கேட்டதில்லை. விசில் நட்டநடுச்சுவரில் நின்றது. மயிரிழை பிசகவில்லை.

"போயிடுச்சுடா" என்று முணுமுணுத்தாள். "சரியாயிடுச்சு."



"போகலக்கா." அவன் அழுதுகொண்டிருந்தான். "மூணு விரல், ரெண்டு விரல்... இப்ப இடைவெளியே இல்ல. எழுந்து வாக்கா. நான் கதவத் தொறக்கறேன்."

அவளுடைய வலது கை மடியிலிருந்து எழுந்தது. அவள் தூக்கவில்லை. நிதானமாக நீண்டு, விரல் நடுச்சுவரைக் காட்டியது. கண்கள் மூடின. அவள் மூடவில்லை.

சீக்கிரம் வாடா என்று கத்தத்தான் வாயைத் திறந்தாள்.

"உள்ள வராதீங்க" என்றது அவளுடைய வாய், தம்பியிடம், ரொம்ப மரியாதையாக. "பாட்டப் போடுங்க. முதல்லேருந்து."