கலங்கிய பாட்டில் யாருடையது?

பட்டாணியின் வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை இருந்தது. அங்கிருந்து எந்நேரமும் எதையோ பொரிக்கிற வாசனை வரும். புதிதாக வருகிறவர்கள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "என்ன பொரிக்கிறீங்க?" என்று ஆசையாகக் கேட்பார்கள்.

"நாங்க எதையும் பொரிக்கல. மத்தவங்க பொரிச்சு முடிச்ச எண்ணெய்க்குத் தலை துவட்டி விடறோம்" என்பாள் பட்டாணி.

அவள் சொன்னது உண்மைதான். கடைகளில் மிஞ்சுகிற பழைய எண்ணெயை மாமா டின் கணக்கில் வாங்கி வேனில் ஏற்றி வருவார். அம்மா அதைக் கம்பி வலையில் வடிகட்டுவார். கருகிய துணுக்குகள் எல்லாம் மேலேயே நின்றுவிடும். பிறகு எண்ணெயைப் பெரிய தொட்டியில் ஊற்றிச் சூடாக்குவார். எண்ணெய் மேலே மிதக்கும், தண்ணீர் அடியில் தங்கும். அடிக்குழாயைத் திறந்துவிட்டால் தண்ணீர் போய்விடும். சுத்தமான எண்ணெய் ஆலைக்குப் போய், டீசலாக மாறி, லாரிகளை ஓட வைக்கும்.

பட்டாணிக்கு அந்தக் கொட்டகை ரொம்பப் பிடிக்கும். அது வருவதற்கு முன்பு அம்மா வெளியூரில் வேலை பார்த்தார். விடுமுறை நாளில்தான் வீட்டுக்கு வருவார். அப்போதெல்லாம் மாமாதான் பட்டாணிக்குத் தலை பின்னிவிடுவார். ஒரு சடை காதுக்கு மேலே இருக்கும், இன்னொரு சடை காதுக்குக் கீழே இருக்கும்.

ஒருநாள் மாலை பள்ளி விட்டு வந்தபோது, ஆலைக்குப் போன டிரம்கள் எல்லாம் வாசலுக்கே திரும்பி வந்திருந்தன. பக்கத்தில் ஆலை மேற்பார்வையாளர் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

"ஒரு டிரம் போட்டுப் பார்த்தோம்மா. டீசல் வரல, சோப்புதான் வந்துச்சு" என்றார். "அதை வச்சுத் துணி துவைக்கலாம். லாரி ஓட்ட முடியாது. உங்க எண்ணெயில தண்ணி கலந்திருக்கு. தண்ணி இருந்தா, டீசலாக்கச் சேர்க்கிற மருந்து எண்ணெயைச் சோப்பாக்கிடும்."

"சூடு பண்ணித்தானே அனுப்பினேன்!" என்றார் அம்மா.

"அடுத்த லோடும் இப்படியே வந்தா எங்களால வாங்க முடியாதும்மா. தப்பா எடுத்துக்காதீங்க."

அன்று சாப்பிடும்போது அம்மா தட்டில் விரலால் கோலம் போட்டுக்கொண்டே இருந்தார். "பழைய வேலைக்கே போன் பண்ணிக் கேக்கணும் போலிருக்கு" என்றார் மெதுவாக.

பட்டாணி கையில் எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்துவிட்டாள்.

"எல்லாம் அந்தச் சிடுமூஞ்சி வேலைதான்!" என்று மாமா கொதித்தார். கோழி வறுவல் கடைச் சமையல்காரரைத்தான் அவர் அப்படிச் சொல்வார். "அந்த மனுஷன் சிரிச்சு யாராவது பார்த்திருக்கீங்களா? அவர்தான் தண்ணி ஊத்தி டின்னை நிரப்பறார்."

"சிரிக்காதவங்க எல்லாம் தண்ணி ஊத்துவாங்களா மாமா?"

"நீ சும்மா இரு, பட்டாணி."

"வெறும் தண்ணியா இருந்தா அடியில தங்கியிருக்கும்டா" என்றார் அம்மா. "நானே குழாய் வழியா எடுத்திருப்பேன். இது எத்தனை சூடு காட்டினாலும் பிரியவே மாட்டேங்குது."

பட்டாணி யோசித்தாள். எல்லாக் கடை டின்னையும் ஒரே தொட்டியில் கவிழ்த்துவிட்டால், எது யாருடைய எண்ணெய் என்று எப்படித் தெரியும்?

"அம்மா, தொட்டியில ஊத்தறதுக்கு முன்னாடி ஒவ்வொரு டின்னுலேருந்தும் கொஞ்சம் எடுத்துத் தனியா வச்சுப் பார்த்தா என்ன?"

அம்மா நிமிர்ந்து பார்த்தார். அன்று மாலையில் அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது அப்போதுதான்.

மறுநாள் மாமா வேனோடு வந்ததும் பட்டாணி காலி ஜாம் பாட்டில்களை வரிசையாக வைத்தாள். ஒவ்வொரு டின்னையும் நன்றாகக் கலக்கி ஒரு கரண்டி எண்ணெய் எடுத்து ஊற்றினாள். பாட்டிலின் மேல் படம் வரைந்து ஒட்டினாள். கோழிக் கடைக்குக் கோழி. மருத்துவமனைச் சமையலறைக்குக் கட்டில். சிப்ஸ் கடைக்கு உருளைக்கிழங்கு. அவளுடைய பள்ளி கேன்டீனுக்குப் புத்தகப் பை.

"இது என்ன, எலியா?" என்றார் மாமா.

"உருளைக்கிழங்கு."

"வால் இருக்கே?"

"அது பேனா வழுக்கினது. அது போகட்டும், கோழிக் கடையில ஒண்ணும் சண்டை போடலையே நீங்க?"

மாமா வேறு பக்கம் பார்த்தார். "சண்டை எல்லாம் இல்ல. தண்ணி கலக்கறீங்களான்னு மூஞ்சிக்கு நேரா கேட்டேன், அவ்வளவுதான்."

"அதுக்கு அவர் என்ன சொன்னார்?"

"அடுப்புப் பக்கம் திரும்பிக்கிட்டார்."

பட்டாணிக்கு அது என்னவோ போல் இருந்தது.

காலையில் எழுந்ததும் பல்கூடத் தேய்க்காமல் கொட்டகைக்கு ஓடினாள். கோழி பாட்டிலில் எண்ணெய் தேன் மாதிரி தெளிவாக இருந்தது. கட்டில் பாட்டிலில் அடியில் கொஞ்சம் தண்ணீர் தனியாகத் தங்கியிருந்தது. அம்மா சொன்னது போல அதைக் குழாய் வழியாக எடுத்துவிடலாம். எலி மாதிரி இருந்த உருளைக்கிழங்கும் நன்றாகத்தான் இருந்தது.

ஒரே ஒரு பாட்டில் மட்டும் பால் கலந்ததுபோல் வெள்ளையாகக் கலங்கியிருந்தது. மேலே நுரை வேறு.

அதன்மேல் இருந்த படம் புத்தகப் பை.

பட்டாணி பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். படத்தை மாற்றி ஒட்டிவிட்டோமோ? இல்லை. அது கேன்டீன் அக்காவின் எண்ணெய்தான்! ஒருமுறை பட்டாணியின் சாப்பாட்டு டப்பா படியில் உருண்டு கொட்டிப்போனபோது, தன் சாப்பாட்டில் பாதியை எடுத்து வைத்தவர் அந்த அக்கா.

"அட, அந்தம்மாவா!" என்று பின்னாலேயே வந்த மாமா வாயைப் பிளந்தார். "இரு, இப்பவே போய்க் கேக்கறேன்."

"வேணாம் மாமா! நீங்க கேட்டது போதும். இந்தத் தடவை நான் பார்த்துக்கறேன்."

இடைவேளை மணி அடித்ததும் பட்டாணி கேன்டீன் சமையலறை வாசலில் போய் நின்றாள்.

"என்ன பட்டாணி, பசியா?" என்றார் அக்கா.

"இல்லக்கா, சும்மா வேடிக்கை பார்க்க வந்தேன்."

அக்கா சிரித்துக்கொண்டே வேலையைப் பார்த்தார். ஆறிய எண்ணெயை டின்னில் ஊற்றினார். பிறகு சட்டியில் பாத்திரம் தேய்க்கிற சோப்பையும் தண்ணீரையும் விட்டுக் கரகரவென்று தேய்த்தார். நுரை பொங்கிய அந்தத் தண்ணீரையும் சிந்தாமல் அதே டின்னில் ஊற்றினார்.

"அக்கா! அதை ஏன் அதுல ஊத்தறீங்க?"

"உங்கம்மாதானே சொன்னாங்க!" என்றார் அக்கா பெருமையாக. "முன்னெல்லாம் இதைச் சாக்கடையிலதான் கொட்டுவேன். எண்ணெய் உறைஞ்சு சாக்கடையே அடைச்சுக்கிச்சு. ஒரு சொட்டு எண்ணெய்கூட அதுல போகக் கூடாதுன்னு போன வாரம் உங்கம்மா வந்து சொன்னாங்க. அன்னைக்கிலேருந்து சட்டியில ஒட்டினதைக்கூட நான் விடறதில்ல."

இவ்வளவு ஆசையாகச் செய்கிறவரிடம் "நீங்கதான் கெடுத்தீங்க" என்று எப்படிச் சொல்வது?

"அக்கா, ஒரு விளையாட்டுக் காட்டட்டுமா? ஒரு காலி பாட்டில் குடுங்களேன்."

பாட்டிலில் கொஞ்சம் எண்ணெயும் கொஞ்சம் தண்ணீரும் விட்டு மூடிக் குலுக்கினாள். சற்று நேரத்தில் எண்ணெய் மேலே வர, தண்ணீர் அடியில் போயிற்று. பிறகு அதில் சில சொட்டு சோப்பு விட்டுக் குலுக்கினாள். எல்லாம் வெள்ளையாகக் கலங்கிவிட்டது. காத்திருந்து பார்த்தார்கள். பிரியவே இல்லை.

"சண்டை போட்டுட்டு இருந்த ரெண்டு பேரையும் இந்தச் சோப்பு ஒட்ட வச்சுடுச்சே!" என்று அக்கா சிரித்தார். சிரித்தவர், சட்டென்று நிறுத்தினார். மெதுவாகத் திரும்பி டின்னைப் பார்த்தார்.

"ஐயையோ! உங்க எண்ணெயைக் கெடுத்தது நானா?"

"நீங்க இல்லக்கா. அம்மா பாதிதான் சொல்லியிருக்காங்க. சாக்கடையில ஊத்தாதீங்கன்னு சொன்னவங்க, டின்னுல தண்ணி விடாதீங்கன்னு சொல்ல மறந்துட்டாங்க."

"சரி, சட்டியில ஒட்டினதை என்னதான் பண்றது? சாக்கடையிலயும் விடக் கூடாது, டின்னுலயும் விடக் கூடாதுன்னா, குடிச்சிடவா?"

பட்டாணி சுற்றும்முற்றும் பார்த்தாள். ரொட்டி சுற்றி வந்த தாள்கள் மூலையில் மலைபோலக் குவிந்திருந்தன. ஒன்றை எடுத்துக் கசக்கி, எண்ணெய் ஒட்டிய இன்னொரு சட்டியை அழுத்தித் துடைத்தாள். எண்ணெய் எல்லாம் தாளுக்கு வந்துவிட்டது.

"இப்ப கழுவுங்கக்கா."

அக்கா கழுவினார். தண்ணீரில் எண்ணெய்ப் படலமே இல்லை. "தேய்ச்சுத் தேய்ச்சு என் தோள் கழண்டு போச்சு. இது எனக்குத் தோணாமப் போச்சே!" என்றார்.

விஷயம் தெரிந்ததும் அம்மா தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். "ஒரே வரியில சொல்லி முடிச்சிருக்கலாம். அதையும் அரைகுறையாச் சொல்லி வச்சிருக்கேன்!" கலங்கிய எண்ணெயைத் தனி டிரம்மில் ஒதுக்கிவைத்தார். தொட்டியைக் கழுவி நன்றாகக் காயவிட்டார். மறுபடி முதலிலிருந்து வடிகட்டத் தொடங்கினார்.

அடுத்த லோடைப் பார்க்க மேற்பார்வையாளரே நேரில் வந்தார். எண்ணெயைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கொண்டுவந்த மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுச் சோதித்தார். அம்மா, மாமா, பட்டாணி மூவரும் குழாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"ஏத்துங்கப்பா லாரியில" என்றார் அவர். "அடுத்த வாரமும் இதே மாதிரி வேணும்மா."

அம்மா பட்டாணியைத் தூக்கிச் சுற்றினார். கை எல்லாம் எண்ணெய். பள்ளிச் சீருடையும் எண்ணெய். அதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை.

ஆனால் பட்டாணி கீழே இறங்கியதும் மாமாவின் கையைப் பிடித்து இழுத்தாள். "வாங்க மாமா, இன்னும் ஒரு வேலை பாக்கி இருக்கு."

"எனக்குத் தெரியும்" என்றார் மாமா, தரையைப் பார்த்தபடி.

கோழிக் கடையில் சமையல்காரர் வழக்கம்போல முகத்தை இறுக்கிக்கொண்டு அடுப்பருகே நின்றார். மாமா தொண்டையைச் செருமினார். பட்டாணியைப் பார்த்தார். மறுபடி செருமினார்.

"அண்ணே, உங்களைச் சந்தேகப்பட்டது என் தப்பு. இருக்கிறதுலேயே உங்க எண்ணெய்தான் ரொம்பத் தெளிவா இருந்துச்சு."

"தேன் மாதிரி இருந்துச்சு" என்றாள் பட்டாணி.

சமையல்காரர் சிரிக்கவில்லை. அடுப்பை அணைத்தார். கையைத் துண்டில் துடைத்துக்கொண்டார். மூலையில் இருந்த கனமான டின்னைத் தானே தூக்கிக்கொண்டு போய் வேனில் ஏற்றி, ஆடாமல் இருக்கிறதா என்று ஒருமுறை அசைத்துப் பார்த்து, கதவையும் சாத்தினார்.